ஜனவரியில் மழை

ஃபின்மார்க் மேட்டில் ஜனவரியில் மழை பெய்தது.
பெய்யக் கூடாத மாதம்.
மறுநாள், விடியாமலே வந்த காலையில்,
பனியின் மேல் ஒரு விரற்கடைக்குக் கண்ணாடி.

எண்பது மூட்டைத் தீவனம் ஏற்றிக்கொண்டு
நூற்றுப் பத்து கிலோமீட்டர் ஓட்டி வந்தேன்.
ராவ்ட்னா சாலையோரம் நின்றாள்,
மூச்சு இமைமயிரில் உறைந்திருந்தது.
"பின்னாலேயே வா" என்றாள்.
அவ்வளவுதான் வரவேற்பு.

மந்தை கண்ணுக்குத் தெரியவில்லை, காதுக்குக் கேட்டது.
சொடக், சொடக், சொடக் என்று
இருட்டில் ஆயிரம் பேர் விரல் முறிப்பதுபோல.
பனிமானின் பாதத்துக்குள் ஒரு தசைநாண்
அடிவைக்கும்போதெல்லாம் எலும்பின்மேல் வழுக்கும் ஓசையாம்.
புயல் கண்ணை மூடினாலும்
கூட்டம் எங்கே என்று கால் சொல்லிவிடும்.
என் முழங்காலும்தான் சொடுக்குகிறது,
இதுவரை அது யாரையும் கூட்டிச் சேர்த்ததில்லை.

விளக்கைத் திருப்பினேன்.
நீலம். நூறு நூறாய் நீலம்.
ஆகஸ்டில் இதே வளைவில்
என் பிரேக்கைச் சோதித்த அதே கண்கள்
அன்று பொன்னாய் எரிந்தன.
வெயிலுக்கு ஒரு நிறம், மாதக்கணக்கான இருட்டுக்கு ஒரு நிறம்
என்று விழியின் அடியில் மாற்றிக்கொள்கின்றன.
நான் மூக்குக்கண்ணாடி மாற்றுவதையே
மூன்று வருடமாய்த் தள்ளிப்போடுகிறேன்.

ஒன்றின் முதுகில் நேற்றிரவின் பனித்தூள்
உருகாமல் கிடந்தது.
உள்ளே உலை கொதிக்கிறது,
வெளியே ஒரு துளிச் சூடு சிந்தவில்லை.
மயிர் மயிராய்க் காற்றடைத்த குழல்.
மூக்குக்குள் சுருட்டி மடித்த எலும்பிலைகள்,
போகிற மூச்சிடம் வெப்பத்தைப் பறித்து
வருகிற மூச்சிடம் கொடுக்கின்றன.
ராவ்ட்னாவும் நானும்
புகைபோக்கிகளாய் நின்றோம்.

கொம்பு உதிர்ந்த கிடாக்கள்
கோடாலி தொலைத்த விறகுவெட்டிகள்போல் ஒதுங்கியிருக்க,
கொம்போடு முன்னே வந்தது ஒரு பெண்மான்.
காதில் மூன்று வெட்டு. வயிற்றில் மே மாதத்துக் கன்று.
தோண்டிய குழியை யாரும் பிடுங்காமலிருக்கத்தான்
அதற்குக் குளிர்காலம் முழுதும் கொம்பு.
ஆனால் குழி எங்கே?

கோடையில் பஞ்சாய் இருந்த குளம்படி
இப்போது சுருங்கி, ஓரம் மண்வெட்டியாய் நீண்டிருந்தது.
ஓங்கி உதைத்தது.
பனிக்கட்டி கணீரென்றது.
மறுபடி உதைத்தது. வழுக்கி, முட்டி மடங்கி, எழுந்தது.
மூன்றாவது உதை பாதியில் நின்றுவிட்டது.

கீழே தெரிந்தது லைக்கன்.
வேர் கிடையாது, இலை கிடையாது,
காய்ந்தால் அப்பளமாய் நொறுங்கும்,
ஈரம் பட்டால் ஒன்றுமே நடக்காததுபோல் விழிக்கும்.
அவசரம் தெரியாத பிறவி.
நகைக்கடை அலமாரியில்போல
பார்க்கலாம், தொட முடியாது.

ராவ்ட்னா கடப்பாரையால் குத்தினாள்.
அவள் உடம்பில் இந்த ஊருக்கென்று எதுவும் முளைத்ததில்லை.
மேலங்கி அவற்றின் தோல்.
காலணி அவற்றின் கால்தோல்.
உள்ளே திணித்த புல் மட்டும்
அவளே கோடையில் அறுத்தது.
ஓர் ஆள் அகலத்துக்கு உடைக்க ஒரு மணி நேரம்.
மந்தையோ எண்ணூறு.

"குளம்பில் பழுதில்லை" என்றாள்,
நிறுத்தாமல் உறுமிக்கொண்டிருந்த
என் லாரியின் பக்கம் திரும்பி.
வேறொன்றும் சொல்லவில்லை.

முதல் மூட்டையைப் பிரித்தோம்.
"கொஞ்சமாய்ப் போடு.
வயிற்றுக்குள் குடியிருக்கும் கிருமிகளுக்கு
இன்னும் இந்தச் சாப்பாடு தெரியாது."

மூன்று வெட்டுக் காது முகர்ந்தது, விலகியது, முகர்ந்தது.
அணைத்தால் இந்தக் குளிரில் மறுபடி பிடிக்காது
என்று தெரிந்தும்
நான் போய் இன்ஜினை அணைத்தேன்.
அமைதி.
பிறகு பக்கத்தில் எங்கோ
ஒரே ஒரு சொடக்.

ராவ்ட்னா கையை நீட்டினாள்:
"கத்தி கொடு. அடுத்த மூட்டை."